வாடகைக் கணக்குக்கு முன்னர் காணிக் கிளைக்குப் போங்கள்

கேள்வி: நான் தாதிய உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்று, கணவருடன் பரந்தனில் வசிக்கிறேன். கையில் பணிக்கொடைப் பணம் இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல்நகருக்குக் கிட்ட அரை ஏக்கர் காணி ஒன்று 45 லட்சத்துக்கு வருகிறது. உள்ளே நான்கு அறைகள் உள்ள ஒரு கட்டடமும், வீதிப் பக்கம் ஒரு கடையும் உண்டு. அறைகளைப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஒன்று 8,000 ரூபாவுக்குக் கொடுக்கலாம் என்கிறார்கள். கடையில் இருப்பவர் மாதம் 15,000 கொடுத்து வருகிறார். ஆனால் காணி பெர்மிட் காணி. பெர்மிட் 2014 இல் இறந்த தகப்பனாரின் பெயரில் இருக்கிறது, விற்கவிருப்பவர் அவருடைய இரண்டாவது மகன். தாயார் இருக்கிறார். சமாதான நீதவானிடம் கடிதம் முடித்து, தனக்குப் பதிலாகச் செயற்பட அதிகாரம் தரும் ஒரு அற்றோர்ணித் தத்துவமும் எழுதித் தந்தால் போதும், இங்கே எல்லோரும் அப்படித்தான் வாங்குகிறார்கள் என்கிறார். இரண்டு லட்சம் முற்பணம் கொடுத்துவிட்டேன். கனடாவில் குடியுரிமை பெற்ற என் தங்கை 15 லட்சம் தருவதாகவும், பாதிக் காணியைத் தன் பெயரில் எழுதும்படியும் சொல்கிறாள். வாங்கலாமா? வாடகை ஒப்பந்தம் எப்படி எழுதுவது? வரி ஏதும் கட்ட வேண்டுமா?

பதில்:

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஆனால் முதலாவதற்கு விடை தெரியாமல் மற்ற இரண்டுக்கும் போக வழியில்லை. என்னிடம் வருகிறவர்களில் அநேகர் முதலில் கேட்பது "உறுதி முடிக்க எவ்வளவு செலவாகும்" என்பதைத்தான். "இதை முடிக்கலாமா" என்று கேட்பவர் குறைவு. நீங்கள் அதைக் கேட்டிருக்கிறீர்கள், முற்பணம் கொடுத்த பிறகு கேட்டிருந்தாலும். விடை இதுதான்: இந்தக் காணியை, இப்போது இருக்கும் நிலையில், இவரிடமிருந்து நீங்கள் வாங்க முடியாது. வாங்க வேண்டாம் என்று நான் ஆலோசனை சொல்வதாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். சட்டத்தின்படி இங்கே ஒரு விற்பனை நடக்கவே முடியாது என்பதுதான் இதன் பொருள்.

1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்ட பெர்மிட் என்பது உரிமை உறுதி அல்ல. அரசுக்குச் சொந்தமான காணியில், சொல்லப்பட்ட நிபந்தனைகளோடு இருந்து பயிர் செய்து வாழ்வதற்கான அனுமதி மட்டுமே. இரணைமடுக் குளத்தை அண்டி எழுந்த குடியேற்றங்கள் தொடக்கம் வன்னியின் பெரும்பகுதிக் காணி இந்த வகையைச் சேர்ந்ததாக இருப்பதால், யாழ்ப்பாணத்து உறுதிக் காணிப் பழக்கத்தோடு இங்கே வருகிறவர்கள் அடிக்கடி ஏமாந்து போகிறார்கள். பெர்மிட் வைத்திருப்பவர் நிபந்தனைகளை நிறைவேற்றி, அது அளிப்புப் பத்திரமாக (அரசு தரும் உரிமைப் பத்திரமாக) மாறிய பின்னர்தான் கைமாற்றம் என்ற பேச்சுக்கே இடம் வருகிறது; அப்போதும் பிரதேச செயலாளரின் முன் எழுத்துச் சம்மதம் வேண்டும், அது இல்லாமல் முடித்த உறுதி செல்லுபடியற்றது. அளிப்பில் குறிக்கப்பட்ட ஆகக் குறைந்த அளவுக்குக் கீழே காணியைத் துண்டாடவும் முடியாது.

உங்கள் விற்பனையாளரின் நிலைமை இன்னும் பலவீனமானது. பெர்மிட்காரர் இறந்தால் முதலில் காணிக்கு உரித்தாகிறவர் உயிரோடிருக்கும் வாழ்க்கைத் துணை. அதாவது, இன்று அந்தக் காணியில் நிற்க வேண்டியவர் தாயார். அவருக்குப் பின்னர் யார் என்பது, தகப்பனார் பின்னுரித்தாளராக யாரையாவது நியமித்துப் பதிந்திருந்தாரா என்பதைப் பொறுத்தது. நியமிக்காவிட்டால் சட்டத்தின் அட்டவணை சொல்லும் ஒழுங்கு வரும். அந்த ஒழுங்கு நெடுங்காலம் மகன்மாருக்கு முன்னிடம் கொடுத்து வந்தது. 2022 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம்தான் ஆண் பெண் வேறுபாட்டை நீக்கியது. தகப்பனார் இறந்தது அதற்கு முன்னர் என்பதால் இந்தக் குடும்பத்துக்கு எது பொருந்தும் என்பதைப் பிரதேச செயலகத்தின் காணிக் கிளை எழுத்தில் சொல்ல வேண்டும். தரகரோ விதானையாரோ நானோ வாயால் சொல்வதில் பயனில்லை. எப்படிப் பார்த்தாலும், தாயார் இருக்க இரண்டாவது மகன் தனியாக விற்க வருவதற்கு எந்தப் பிரிவிலும் இடம் இல்லை.

சமாதான நீதவான் ஒப்பமிட்ட கடிதம் என்ன செய்யும்? இன்ன திகதியில் இன்னார் இன்னாருக்கு இவ்வளவு பணம் கொடுத்தார் என்பதற்குச் சாட்சியாகும். காணி கைமாறியதற்குச் சாட்சியாகாது. உறுதிக் காணியாகவே இருந்தாலும், 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடைக் கட்டளைச் சட்டத்தின்படி அசையாத ஆதனத்தின் விற்பனை நொத்தாரிசு முன்பாக, இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். அற்றோர்ணித் தத்துவம் அதைவிட மோசமான அரண். தனக்கு இல்லாத உரிமையை ஒருவர் தன் அற்றோர்ணிக்குக் கொடுக்க முடியாது. அத்தோடு, எழுதிக் கொடுத்தவர் இறந்த அன்றே அது பொதுவாகச் செத்துவிடும். நாற்பத்தைந்து லட்சத்தை மற்றவரின் ஆயுளோடு கட்டி வைப்பது புத்தியல்ல.

"எல்லோரும் அப்படித்தான் வாங்குகிறார்கள்" என்று அவர் சொல்வது பொய்யல்ல என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வாங்கியவர்களில் பலர் இன்றும் நிம்மதியாக இருக்கிறார்கள், அயலில் ஒருவரும் அவர்களைக் கேட்டதில்லை. தகராறு கிளம்புவது காணியின் விலை ஏறும்போது, அல்லது வெளிநாட்டிலிருந்து ஒரு சகோதரம் திரும்பி வரும்போது, அல்லது வங்கிக் கடனுக்காக யாராவது காணிக் கிளையின் பேரேட்டைத் திறந்து பார்க்கும்போது. எத்தனை ஆண்டு இருந்தாலும் அரசுக்கு எதிராகக் காலவிதிப்பு உரிமை ஓடாது. பத்து ஆண்டு இருந்தால் நமக்குச் சொந்தம் என்று ஊரில் சொல்வது தனியார் காணிக்கு, அதுவும் பல நிபந்தனைகளோடு, பொருந்துகிற பேச்சு. 1979 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அரச காணியில் அதிகாரமின்றி இருப்பவரை நீதவான் நீதிமன்றத்தின் ஊடாகச் சுருக்கமாகவே வெளியேற்ற முடியும், அங்கே நீங்கள் காட்ட வேண்டியது செல்லுபடியான அனுமதி. சமாதான நீதவானின் கடிதத்தை அந்த மேசையில் யாரும் வாங்கிப் பார்க்க மாட்டார்கள்.

எனவே உங்கள் அடுத்த வேலை, பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்குப் போய், பெர்மிட் இலக்கத்தைக் கொடுத்து, பேரேட்டில் என்ன பதியப்பட்டிருக்கிறது என்று கேட்பது. வாயால் கேட்டுப் பதில் வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் விண்ணப்பியுங்கள். தகவல் அலுவலர் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். கேட்க வேண்டியவை சில: பெர்மிட் நடைமுறையில் உள்ளதா, இரத்துக்கான அறிவித்தல் ஏதும் அனுப்பப்பட்டதா, பின்னுரித்தாளர் பதியப்பட்டுள்ளாரா, அளிப்புக்கு விண்ணப்பம் போயிருக்கிறதா. காணியின் எல்லை வன இலாகாவின் ஒதுக்கிலோ, குள ஒதுக்கிலோ, வீதி ஒதுக்கிலோ விழுகிறதா என்பதையும் அங்கேயே கேளுங்கள். மீள்குடியேற்றத்துக்குப் பின்னர், தாங்கள் தலைமுறையாகச் செய்த காணி வன வரைபடத்துக்குள் கிடப்பதை அறிந்து திகைத்த குடும்பங்கள் இந்தப் பக்கத்தில் கொஞ்சமல்ல.

பேரேடு சுத்தமாக இருந்து, தாயாரும் பிள்ளைகளும் மனம் ஒத்திருந்தால், நேரான வழி ஒன்று இருக்கிறது: உரித்தைத் தாயாரின் பெயருக்குப் பதிவித்து, அளிப்பைப் பெற்று, பிரதேச செயலாளரின் சம்மதத்தோடு உங்களுக்கு மாற்றுவது. இது மாதக் கணக்கில் அல்ல, ஆண்டுக் கணக்கில் இழுபடக்கூடியது. 2024 இல் பெர்மிட்காரருக்கு முழு உரிமை உறுதி தருவதாக உறுமய என்ற திட்டம் அறிவிக்கப்பட்டபோது, "இனி எல்லாம் உறுதிதான்" என்று சொல்லி விலையை ஏற்றிய தரகர்கள் இருந்தார்கள். கைக்கு வராத பத்திரத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள். அது யாருடைய அறிவிப்பாக இருந்தாலும் சரி.

காத்திருக்க முடியாது என்றால் உறுதிக் காணியைத் தேடுங்கள். அதே அளவு காணி இரு மடங்கு விலை போகலாம். அப்படியானால் அரைவாசிக் காணியை வாங்குங்கள். எட்டுப் பரப்பு உங்களுக்கு எதற்கு? நான்கு அறைக்கும் ஒரு கிணற்றுக்கும் நான்கு பரப்பு தாராளம். ஆனால் உறுதிக் காணியிலும் இரண்டு விடயங்களில் கவனம் வேண்டும். ஒன்று, உறுதி எழுதும் நொத்தாரிசு காணிப் பதிவகத்தின் ஏடுகளைத் தேடிப் பார்க்கக் கடமைப்பட்டவர். ஆனால் தரப்பினர் விரும்பினால் அந்தத் தேடலை வேண்டாமென்று எழுதிக் கொடுக்கலாம். பல உறுதிகளின் கடைசிப் பக்கத்தில் அப்படி ஒரு வரி சத்தமில்லாமல் இருக்கும். சில ஆயிரம் ரூபாவை மிச்சம் பிடிப்பதற்காக அதில் ஒப்பமிடாதீர்கள். வழக்கப்படி முப்பது ஆண்டுக்கான தேடலைக் கேளுங்கள், பழைய மடி (ஏட்டுப் பக்கம்) எந்தப் பதிவகத்தில் இருக்கிறது என்பதையும் கேளுங்கள். முடித்த உறுதியை உடனே பதிவியுங்கள், ஏனென்றால் பதியாத முந்திய உறுதியைப் பதிந்த பிந்திய உறுதி வெல்லக்கூடும். மற்றது, பங்குக் காணி. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமையின் முன்வாங்கும் உரிமை 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கச் சட்டத்தால் வரையறுக்கப்பட்டு வட மாகாணக் காணிகளில் இன்றும் உயிரோடு இருக்கிறது. பங்காளிகளுக்கும் உரித்தாளர்களுக்கும் முன்கூட்டி அறிவித்தல் கொடுக்காமல் முடித்தால், அவர்கள் வழக்கிட்டு உங்களிடமிருந்து காணியைத் தங்கள் பக்கம் வாங்கிக்கொள்ள இடமுண்டு.

வயற் காணி மலிவாக வருகிறது, நிரப்பிக் கட்டலாம் என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் எழுத்து அனுமதியில்லாமல் வயலை நிரப்புவது குற்றம். அந்த வயலைக் குத்தகைக்குச் செய்யும் விவசாயி ஒருவர் இருந்தால், உடைமையாளர் மாறியதற்காக அவருடைய உரிமை போய்விடாது.

தங்கையின் பணத்தைப் பற்றி. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி விற்பதைத் தடுக்கிறது. இரட்டைக் குடியுரிமை எடுத்திருந்தால் தடை இல்லை. அவர் கனடியக் குடியுரிமை மட்டும் வைத்திருந்தால் பாதிக் காணியை அவர் பெயரில் வாங்க முடியாது. உங்கள் பெயரில் வாங்கி "மனதளவில் பாதி அவளுடையது" என்று வைத்துக்கொள்வது சகோதரிகளுக்கிடையே பகையை விதைக்கிற வேலை. கடனாக வாங்குங்கள். தொகை, வட்டி உண்டா இல்லையா, திருப்பும் காலம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள், பணம் வங்கி ஊடாக வரட்டும். தேசவழமை உங்களுக்கும் கணவருக்கும் பொருந்துமானால், உங்கள் பெயரில் உள்ள காணியைப் பின்னர் விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்பதையும் இப்போதே அவரோடு பேசி வையுங்கள். 1911 இல் எழுதிய அந்த விதியை நான் நியாயமென்று சொல்லவில்லை, ஆனால் நொத்தாரிசு அதைக் கேட்பார்.

இனி வாடகை. நீங்கள் போட்ட கணக்கு ஆண்டுக்கு 5,64,000 ரூபா. 45 லட்சத்துக்கு அது பன்னிரண்டரை வீதம். கடதாசியில் சரி. ஆனால் மாணவர்கள் பரீட்சை முடிந்து ஊருக்குப் போனால் அறை சும்மா கிடக்கும், அறைகளுக்குப் பத்து மாதத்தைத்தான் கணக்கில் எடுங்கள். அப்போது வருமானம் ஐந்து லட்சம். சோலைவரி, கறையான், நீர்ப் பம்பி, மலக்குழி, மாரி முடிந்ததும் பூச வேண்டிய சுவர் என்று எண்பதாயிரத்தைக் கழித்தால் 4,20,000. ஒன்பது வீதத்துக்குச் சற்று மேல். இதை மூத்த பிரசைகளுக்கு வங்கி தரும் நிலையான வைப்பு வட்டியோடு அருகில் வைத்துப் பாருங்கள். காணியின் விலை ஏறுமே என்பீர்கள். ஏறும், உறுதி இருக்கிற காணிக்கு.

எந்தக் காணியை வாங்கினாலும் கார்த்திகை மார்கழியில் ஒரு தரம் நேரே போய் நின்று பாருங்கள். 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறந்தபோது தண்ணீர் எங்கே நின்றது என்று அயலாரைக் கேட்டால் சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள். கிணற்றுத் தண்ணீரை அவர்கள் வீட்டிலேயே ஒரு மிடறு குடித்துப் பாருங்கள். உவர்த் தண்ணீர் உள்ள வளவில் மாணவர் நிலைக்கமாட்டார். கட்டடத்துக்குப் பிரதேச சபையின் அனுமதி உண்டா என்பதையும் கேட்டு வையுங்கள்.

ஒப்பந்தத்தைப் பொறுத்தவரை, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையும் நொத்தாரிசு முன் எழுதப்பட வேண்டியது என்பது பலருக்குத் தெரியாது. கடையில் வாங்கிய படிவத்தில் "இரண்டு வருடம்" என்று எழுதி முத்திரை ஒட்டினால், சட்டத்தின் கண்ணில் அது பெரும்பாலும் மாத வாடகையாகவே நிற்கும். மாணவர் அறைக்கு அதுவே போதும்: மாதத்துக்கு மாதம் வாடகை, எந்தப் பக்கமும் ஒரு முழு நாட்காட்டி மாத அறிவித்தலில் முடிக்கலாம், முற்பணத்திலிருந்து எதைக் கழிக்கலாம் என்று தெளிவாக ஒரு வரி. மின்சாரத்துக்கு அறைக்கு ஒரு துணைமானி போடுங்கள்; அலகு கூடக் கூட வீதமும் கூடுவதால், நான்கு அறையும் ஒரே மானியில் ஓடினால் மாத முடிவில் யார் பட்டியலைக் கட்டுவது என்பதில்தான் முதற் சண்டை தொடங்கும். கடைக்கு மட்டும் நொத்தாரிசு குத்தகை எழுதுங்கள், ஏனென்றால் கடைக்காரர் தட்டு அடித்து, பெயர்ப்பலகை போட்டு வேரூன்றுகிறவர். முறைப்படி எழுதிய குத்தகை முடிந்தும் வெளியேறாதவரிடமிருந்து இடத்தை விரைவாக மீட்பதற்கென்றே 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. வாய்ப்பேச்சில் கொடுத்தவருக்கு அந்தக் கதவு திறக்காது.

ஏற்கெனவே ஒருவர் இருக்கும் கடையை வாங்கினால், விற்பனை அவருடைய குத்தகையை முறிப்பதில்லை. அவர் உங்களுடைய வாடகைக்காரராக வந்து சேருவார். எனவே விலை பேசும்போதே அவரிடம், என்ன வாடகை, எவ்வளவு முற்பணம், எந்தத் திகதி வரை என்பதை எழுத்தில் வாங்குங்கள். விற்பவர் "முற்பணம் ஒன்றும் இல்லை" என்பார், கடைக்காரர் "மூன்று லட்சம் கொடுத்தேன்" என்பார்; இரண்டு பேரையும் ஒரே மேசையில் இருத்திக் கேளுங்கள். வாடகை வராவிட்டால் பூட்டை மாற்றாதீர்கள், மின்சாரத்தை வெட்டாதீர்கள். 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க முதனிலை நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின் கீழ் விடயம் போனால், நீதிமன்றம் முதலில் பார்ப்பது உரிமை யாருக்கு என்பதையல்ல, அன்று இடத்தைக் கைவசம் வைத்திருந்தவர் யார் என்பதை. முந்திய இரண்டு மாதத்துக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரைத் திரும்ப உள்ளே விடவும் அதற்கு அதிகாரம் உண்டு. ஒவ்வொரு மாதமும் பற்றுச்சீட்டுக் கொடுத்து, அடிக்கட்டையைக் கவனமாக வைத்திருங்கள். அவர் வாடகைக்காரராகவே இருந்தார் என்பதற்கு, இருபது ஆண்டு கழித்தும் அந்த அடிக்கட்டைதான் பேசும்.

வரியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். 2025 ஏப்ரல் முதல் தனிநபர் விடுதொகை ஆண்டுக்கு 18 லட்சம். வாடகையில் 25 வீதம் திருத்த வேலைக்கென்று கழிவும் உண்டு. வேறு பெரிய வருமானம் இல்லையென்றால் இந்த வாடகைக்கு வருமான வரி வராது. உறுதி முடிக்கும்போது வரும் முத்திரைத் தீர்வை, முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம் என்ற கணக்கில் கையில் இருக்க வேண்டிய காசு. தரகர் அதைக் கடைசி நாளில்தான் சொல்வார்.

கொடுத்த இரண்டு லட்சத்துக்கு வருகிறேன். இனி ஒரு ரூபாவும் கொடுக்காதீர்கள். செல்லாத கொடுக்கல் வாங்கல் என்று தெரிந்தும் பணத்தைத் தொடர்ந்து கொடுத்தவருக்கு நீதிமன்றம் இலகுவில் இரங்குவதில்லை. இந்த வாரமே அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: இன்ன திகதியில் முற்பணமாக இரண்டு லட்சம் கொடுத்தேன், பெர்மிட் தங்கள் பெயரில் இல்லை என்பதை இப்போது அறிந்தேன், தாயாரின் பெயரில் உரித்துப் பதியப்பட்டு, கைமாற்றத்துக்குப் பிரதேச செயலாளரின் எழுத்துச் சம்மதம் இன்ன திகதிக்குள் கிடைக்காவிட்டால் பணத்தைத் திருப்பித் தரவும் என்று. கோபமான சொல் ஒன்றும் வேண்டாம். பதிவுத் தபாலில் அனுப்பி, தபாலகச் சீட்டைக் கடிதப் பிரதியோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். அவர் மறுத்தால் அந்த இரண்டையும் எடுத்துக்கொண்டு முதலில் உங்கள் பகுதி மத்தியஸ்த சபைக்குப் போகலாம்.